தொலேதோவில் நடந்து பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்ரிட்டில் குடியிருப்பவர்களுக்கு ஒரு பொறுப்பு தானாக வந்து சேர்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் தொலேதோவுக்கு அழைத்துப் போக வேண்டும். கூடப் போக முடியாவிட்டால் தொலைபேசியிலாவது வழி சொல்ல வேண்டும். உறவினரும் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைச் சேர்த்திருக்கிறேன். கட்டணங்களும் திறக்கும் நேரங்களும் அடிக்கடி மாறும். கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொலேதோ என்பது என்ன ஊர்? ஸ்பெயினில் எவ்வளவோ பழைய ஊர்கள் இருக்க, ஏன் எல்லோரும் அங்கேயே போகிறார்கள்?

மாட்ரிட்டுக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில், ஒரு பாறைக் குன்றின் மேல் இருக்கும் ஊர். மூன்று பக்கமும் தாஹோ ஆறு ஆழமான பள்ளத்தில் வளைந்து ஓடுகிறது. ரோமானியர் காலத்தில் இருந்த ஊர், பிறகு விசிகோத் என்ற ஜெர்மானிய இனத்து அரசர்களின் தலைநகரானது. 711-ல் ஸ்பெயினுக்குள் வந்த முஸ்லிம் படைகள் அதைக் கைப்பற்றின. 1085-ல் ஆறாம் அல்ஃபோன்சோ என்ற கிறிஸ்தவ அரசரிடம் போனது. இத்தனை கைமாறியும் எவரும் ஊரை முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவில்லை. இருந்ததன் மேலேயே கட்டினார்கள்.

1561-ல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப் தன் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றிக்கொண்டார். பணமும் பதவியும் அவர் பின்னால் போயின. அகலச் சாலை போடவும் பெரிய மாளிகை எழுப்பவும் தொலேதோவில் ஆளில்லை. அந்த வீழ்ச்சிதான் இடைக்காலத் தெருக்களை நமக்கு மிச்சம் வைத்தது. 1986-ல் யுனெஸ்கோ பழைய நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மாட்ரிட்டிலிருந்து எப்படிப் போவது? காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா?

அதோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயில் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுக்கும். வார இறுதியில் இடம் நிரம்பிவிடுவதால் முன்பதிவு அவசியம். பிளாசா எலிப்திகாவிலிருந்து பஸ்ஸும் உண்டு. நேரம் கூடுதல், செலவு குறைவு. ரயிலில் போனால் தொலேதோ நிலையத்தையே பத்து நிமிடம் நின்று பாருங்கள். 1919-ல் திறந்த கட்டடம் அது. செங்கல் வளைவுகளும் வண்ண ஓடுகளும் கோபுரமுமாக, உள்ளே பார்க்கப்போவதற்கு முன்னுரையாகவே கட்டியிருக்கிறார்கள்.

ஒரே நாளில் திரும்பலாம், பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் என்னைக் கேட்டால் ஓர் இரவு தங்குங்கள் என்றுதான் சொல்வேன். பத்தரை மணியிலிருந்து ஐந்து மணி வரை சுற்றுலாக் குழுக்கள் தெருக்களை அடைத்துக்கொள்ளும். ஆறு மணிக்கு மேல் பஸ்கள் கிளம்பிப் போனதும் பாட்டிகள் நாற்காலியோடு வாசலுக்கு வருகிறார்கள், குழந்தைகள் பேராலயத்துக்குப் பக்கத்திலேயே பந்து விளையாடுகிறார்கள். நான் நேசிக்கும் தொலேதோ அந்த நேரத்து ஊர்தான்.

மேடு அதிகமாமே? அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்து வரலாமா?

தாராளமாக அழைத்து வரலாம். ஊர் குன்றின் மேல் இருந்தாலும் கீழிருந்து ஏறிச்செல்ல இலவச நகரும் படிக்கட்டுகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒன்று பிசாக்ரா வாசலுக்கு அருகே மதிலை ஒட்டி, மற்றொன்று பஸ் நிலையத்தின் பக்கம். இரவில் இரண்டும் நின்றுவிடும். ரயில் நிலையத்திலிருந்து நகரப் பேருந்தோ டாக்சியோ பிடித்தால் நேரே மேலே இருக்கும் ஸொகொதோவேர் சதுக்கத்தில் இறங்கலாம்.

உண்மையான தொல்லை உருண்டைக் கற்கள் பதித்த தரை. மழை பெய்தால் வழுக்கும். புதுச் செருப்பும் தோல் அடிப்பாகம் உள்ள காலணியும் வேண்டாம். ரப்பர் அடிப்பாகம் உள்ள, பழகிய காலணி போடுங்கள். அம்மாவுக்கு ஒரு கைத்தடி இருந்தால் நல்லது.

எங்கிருந்து நடக்கத் தொடங்குவது? வரிசை சொல்லுங்கள்.

முழங்கால் நன்றாக இருப்பவர்கள் படிக்கட்டை விட்டுவிட்டுப் புதிய பிசாக்ரா வாசலில் தொடங்குங்கள். ‘புதிய’ என்றாலும் அது 16-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பேரரசர் ஐந்தாம் சார்லஸின் இரட்டைத் தலைக் கழுகு நெற்றியில் பெரிதாக இருக்கும். அங்கிருந்து ஏறினால் 14-ஆம் நூற்றாண்டின் சூரிய வாசல். அதன் அருகே மேட்டில் ஒரு சிறு செங்கல் கட்டடம் தெரியும். பலர் அதைக் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள். தயவுசெய்து நின்றுவிடுங்கள்.

அது 999-ஆம் ஆண்டில் கட்டிய பள்ளிவாசல். முகப்பில் செங்கற்களையே எழுத்தாக அடுக்கி, கட்டிய ஆண்டையும் மூசா இப்னு அலி என்ற கட்டடக் கலைஞரின் பெயரையும் பதித்திருக்கிறார்கள். உள்ளே நான்கே தூண்கள் இடத்தை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு குவிமாடம், ஒன்பதும் ஒன்பது வடிவம். 12-ஆம் நூற்றாண்டில் இதைத் தேவாலயமாக்கியபோது பின்பக்கம் பீடப்பகுதியைச் சேர்த்தார்கள். அதையும் அதே செங்கல் பாணியிலேயே கட்டியதால் எங்கே பள்ளிவாசல் முடிந்து எங்கே தேவாலயம் தொடங்குகிறது என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இன்று கிறிஸ்தோ தெ லா லூஸ் என்று அழைக்கப்படுகிறது. தோண்டியபோது வெளிப்பட்ட ரோமானியச் சாலையின் கற்களும் அங்கேயே இருக்கின்றன. தொலேதோவில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் பேராலயத்தைக்கூட விட்டுவிட்டு இங்கேதான் நிற்பேன்.

பிறகு ஸொகொதோவேர் சதுக்கம், கொமெர்சியோ தெரு, பேராலயம், சாந்தோ தோமே ஆலயம், யூதர் குடியிருப்பு, சான் ஹுவான் தெ லோஸ் ரெயெஸ் மடம், கடைசியில் சான் மார்தின் பாலம். சதுக்கம் வரைதான் மூச்சு வாங்கும். அதன் பிறகு வழி பெரும்பாலும் இறக்கம். மொத்தத் தூரம் மூன்று கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி வேண்டுமா? ‘இலவச நடை’ என்று குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, உண்மையிலேயே இலவசமா?

நுழைவுக் கட்டணம் கிடையாது, முடிவில் நீங்கள் தரும் அன்பளிப்புதான் அவர்களுக்குச் சம்பளம். ஒன்றும் தராமல் நழுவுவது முறையல்ல. இந்த நடைகள் பெரும்பாலும் கட்டடங்களுக்கு வெளியே நின்று கதை சொல்பவை, உள்ளே போவதில்லை. முதல் இரண்டு மணி நேரம் அப்படி ஒரு நடையில் ஊரின் அமைப்பைப் புரிந்துகொண்டு, பிறகு தனியாகச் சுற்றுவது நல்ல ஏற்பாடு. தேவைப்பட்டால் உரிமம் பெற்ற வழிகாட்டியைப் பேராலயத்துக்கு மட்டும் அமர்த்திக்கொள்ளலாம்.

வழி தவறிவிட்டால்?

தவறும். கைபேசி வரைபடம் அந்தச் சந்துகளில் தடுமாறும். இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஊர் சிறியது, ஆறும் மதிலும் சுற்றி வேலி. ஏறிக்கொண்டே போனால் நடுப்பகுதிக்கு வருவீர்கள், இறங்கிக்கொண்டே போனால் மதிலோ ஆறோ வந்து நிறுத்தும்.

வேண்டுமென்றே வழி தவற ஏற்ற பகுதி வடக்கே இருக்கும் கன்னியர் மடங்களின் பக்கம். சாந்தோ தொமிங்கோ எல் ரெயால், சாந்தா கிளாரா மடங்களைச் சுற்றி, தெருவின் மேலேயே அறைகள் கட்டிய மூடு வழிகள் இருக்கின்றன. ஈட்டியோடு குதிரையில் வரும் வீரன் தலை குனியாமல் கடக்கும் உயரம் வேண்டும் என்று ஒரு விதி இருந்ததாகச் சொல்வார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் அங்கே நடந்து பாருங்கள்.

பேராலயத்துக்கு உள்ளே கட்டாயம் போக வேண்டுமா? கட்டணம் அதிகமாக இருக்கிறதே.

போக வேண்டும். 1226-ல் தொடங்கி 1493-ல் முடித்த கட்டடம், சுமார் 120 மீட்டர் நீளம். கட்டணத்தில் பொதுவாக ஒலி வழிகாட்டியும் அடங்கும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிறு காலை வழிபாட்டு நேரம் என்பதால் பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அணிந்து போங்கள்.

நான்கு இடங்களை மட்டும் தவற விடாதீர்கள். பாடகர் இருக்கைகளின் கீழ் வரிசையில், ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரானடாவைப் பிடித்த போரின் முற்றுகைக் காட்சிகளை மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள், போர் நடந்துகொண்டிருந்தபோதே தொடங்கிய வேலை. பீடத்துக்குப் பின்னால் நார்சிஸோ தோமே 1732-ல் முடித்த ‘த்ரான்ஸ்பரெந்தே’ என்ற சிற்பப் பீடம். வெளிச்சம் விழுவதற்காகக் கோத்திக் கூரையையே துணிந்து ஓட்டை போட்டுவிட்டார். மேலிருந்து இறங்கும் ஒளியில் சிற்பங்கள் மிதப்பதைப் பார்க்க வெயில் நாளில் போங்கள். பொருட்கள் காப்பறையில் ஓவியர் எல் கிரேகோவின் ‘எல் எக்ஸ்போலியோ’, ஆடை உரியப்படும் முன் கிறிஸ்து அணிந்திருக்கும் அந்தச் சிவப்பு. கருவூலத்தில் என்ரிகே தெ அர்ஃபே செய்த சுமார் மூன்று மீட்டர் உயர நற்கருணைப் பேழை.

நிமிர்ந்து பார்த்தால் கூரையிலிருந்து சில சிவப்புத் தொப்பிகள் தொங்கும். அந்தந்த இடத்தில் அடக்கம் செய்யப்பட்ட கர்தினால்களின் தொப்பிகள் அவை.

மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிட்டால் எல்லா இடமும் பார்க்கலாம் என்றார்களே?

எல்லா இடமும் இல்லை. அந்தப் பட்டையில் ஏழு இடங்கள் அடங்கும். மேலே சொன்ன பள்ளிவாசல், சாந்தோ தோமே, யூதர்களின் பழைய ஜெபாலயமான சாந்தா மரியா லா பிளாங்கா, சான் ஹுவான் மடம் ஆகியவை அதில் வருகின்றன. பேராலயம் வராது. நான்கு இடங்களாவது பார்ப்பவர்களுக்கு லாபம். கழற்றினால் செல்லாது.

எல் கிரேகோ அருங்காட்சியகமும் எல் த்ரான்சிதோ என்ற பழைய யூத ஜெபாலயமும் அரசுடையவை. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேலும் ஞாயிறன்றும் இலவசம், திங்களன்று விடுமுறை.

சாந்தோ தோமேயில் ஒரே ஓர் ஓவியம்தானாம். அதற்குப் போய் வரிசையில் நிற்பானேன்?

அந்த ஒன்றுக்காகத்தான். ஓர்காஸ் பிரபுவின் அடக்கம், 1586-88 காலத்தில் எல் கிரேகோ வரைந்தது, உயரம் ஏறத்தாழ ஐந்து மீட்டர். 1323-ல் இறந்த அந்தப் பிரபுவைப் புதைக்க இரண்டு புனிதர்கள் விண்ணிலிருந்து இறங்கி வந்தார்கள் என்பது ஊரின் நம்பிக்கை. ஓவியம் அவர் கல்லறைக்கு மேலேயே, அதற்கென்று வரைந்த இடத்திலேயே இருக்கிறது. சவத்தைச் சுற்றி நிற்கும் கறுப்பு உடைக்காரர்களை எல் கிரேகோ தம் காலத்துத் தொலேதோ ஆட்களைப் பார்த்தே வரைந்தார். இடப்பக்கம் நம்மைப் பார்த்துக் கை நீட்டும் சிறுவன் அவருடைய மகன். பையிலிருக்கும் கைக்குட்டையில் அவன் பிறந்த 1578 தெரியும். காலையில் திறந்த உடனேயோ மூடுவதற்கு அரை மணி முன்போ போனால் வரிசை குறைவு.

எல் கிரேகோ உண்மையில் கிரேக்கர், கிரீட் தீவில் பிறந்தவர். 1577-ல் இந்த ஊருக்கு வந்து 1614-ல் இங்கேயே இறந்தார். பக்கத்திலிருக்கும் அருங்காட்சியகத்தை ‘அவர் வாழ்ந்த வீடு’ என்று சொல்வதை நம்பாதீர்கள். அவர் குடியிருந்த பகுதியில் இருக்கும் வேறு கட்டடம் அது.

சைவம் கிடைக்குமா? முட்டையும் சாப்பிடாதவர்கள் என்ன செய்வது?

கொஞ்சம் கவனம் வேண்டும். ஊரின் பெருமை காட்டுக்கௌதாரியும் பன்றி இறைச்சிக் குழம்பும்தான். பருப்புக் குழம்பு என்று எழுதியிருந்தாலும் உள்ளே இறைச்சித் துண்டு இருக்கலாம். காய்கறிகளைத் தக்காளியில் வதக்கிய பிஸ்தோ நமக்கு ஏற்றது. மேலே முட்டை வைப்பார்கள், ‘சின் வேவோ’ (முட்டை இல்லாமல்) என்றால் வைக்கமாட்டார்கள். ‘சின் ஹமோன், சின் அதூன்’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பன்றித் தொடையையும் சூரை மீனையும் இறைச்சிக் கணக்கில் சேர்க்காத பரிசாரகர்கள் உண்டு. மஞ்செகோ பாலாடைக்கட்டியும் ரொட்டியும் எங்கும் கிடைக்கும். மதிய உணவு இரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு.

பாதாமையும் சர்க்கரையையும் அரைத்துச் செய்யும் மசபான் இந்த ஊரின் இனிப்பு. மேலே முட்டை பூசிச் சுடுவது வழக்கம், ஆகவே முட்டை தவிர்ப்பவர்கள் கேட்டு வாங்குங்கள். சில மடங்களில் கன்னியரே செய்து விற்கிறார்கள். சுழலும் மரப்பெட்டியில் பணம் வைத்தால் பெட்டி திரும்பி இனிப்பு வரும். விற்பவரின் முகம் தெரியாது.

மூன்று மதத்தவரும் ஒற்றுமையாக வாழ்ந்த ஊர் என்று எல்லாப் பலகையிலும் எழுதியிருக்கிறது. உண்மையா?

பாதி உண்மை. பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தார்கள், ஒருவர் கைவேலையை மற்றவர் விரும்பினார்கள், அறிவைப் பகிர்ந்தார்கள். கிறிஸ்தவ அரசரின் பொருளாளரான சாமுவேல் ஹலேவி என்ற யூதர், சுமார் 1357-ல் எல் த்ரான்சிதோ ஜெபாலயத்தைக் கட்டினார். அதன் சுவர்களில் எபிரேய வரிகள் இஸ்லாமியச் சுதை வேலைப்பாட்டுக்கு நடுவே ஓடுகின்றன. அந்த அழகைப் பார்த்து மகிழுங்கள். சில ஆண்டுகளில் அதே அரசர் அவரைச் சிறைபிடித்தார், சித்திரவதையில் அவர் இறந்தார் என்பதையும் அங்கேயே நின்று நினைத்துக்கொள்ளுங்கள்.

1085-ல் பெரிய பள்ளிவாசல் முஸ்லிம்களிடமே இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார்கள். விரைவிலேயே அது பறிபோனது, இன்றைய பேராலயம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. 1391-ல் யூதர் குடியிருப்பு தாக்கப்பட்டது. 1449-ல், மதம் மாறிய யூதர்களின் வாரிசுகளுக்கு நகரப் பதவி கிடையாது என்ற ‘தூய இரத்த’ ஆணை இங்கேதான் பிறந்தது. 1492-ல் மதம் மாற மறுத்த யூதர்கள் நாட்டை விட்டே துரத்தப்பட்டார்கள். வெள்ளைத் தூண்களும் லாட வளைவுகளுமாக இருக்கும் சாந்தா மரியா லா பிளாங்காவுக்குப் பெயரைப் பாருங்கள்: ஜெபாலயமாக எழுந்து, மாதா ஆலயமாக்கப்பட்டது. அந்தத் தெருக்களின் தரையில் பதித்த சிறு நீல வெள்ளை ஓடுகள் பழைய யூதர் குடியிருப்பின் எல்லையைக் காட்டுகின்றன. ‘ஒற்றுமை’ என்று மட்டும் சொல்லிக் கடப்பது துரத்தப்பட்டவர்களுக்குச் செய்யும் அநீதி என்று நினைக்கிறேன்.

மடத்தின் வெளிச்சுவரில் இரும்புச் சங்கிலிகள் தொங்குகின்றனவே, எதற்கு?

அது சான் ஹுவான் தெ லோஸ் ரெயெஸ். 1476-ல் தோரோ போர் வெற்றிக்குப் பிறகு அரசி இசபெல்லாவும் அரசர் ஃபெர்டினாண்டும் கட்டத் தொடங்கியது. கிரானடா போரில் விடுவிக்கப்பட்ட கிறிஸ்தவக் கைதிகளின் விலங்குகளை வெற்றிச் சின்னமாகத் தொங்கவிட்டார்கள். தங்கள் கல்லறைக்காகவே இதைக் கட்டினார்கள்; பிறகு கிரானடாவைப் பிடித்ததும் அங்கேயே புதைக்கப்பட விரும்பினார்கள். உள்முற்றத்தின் மேல்தளக் கூரையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

இந்தியாவுக்கும் இந்த ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. ஊரைச் சுற்றிக் காட்டும்போது யாரும் சொல்லாத விஷயம் இது. 11-ஆம் நூற்றாண்டில் தொலேதோவின் நீதிபதியாக இருந்த சாயித் அல்-அந்தலுஸி, அறிவியலை வளர்த்த சமூகங்களைப் பற்றி 1068-ல் ஒரு நூல் எழுதினார். எட்டுச் சமூகங்களில் அவர் முதலில் வைத்தது இந்தியர்களை. நம் எண்முறையையும் வானியலையும் சதுரங்கத்தையும் புகழ்ந்தார். அவர் இந்தியாவைப் பார்த்ததில்லை, நூல்களின் வழியாக அறிந்தார்.

அடுத்த நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்ட் என்ற இத்தாலியர் போன்றவர்கள் இங்கே வந்து அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்தார்கள். தாலமியின் வானியலும் இப்னு சீனாவின் மருத்துவமும் ஐரோப்பாவுக்குப் போனது இந்த வழியில்தான். 1221-ல் இதே ஊரில் பிறந்த பத்தாம் அல்ஃபோன்சோ, இளவரசராக இருந்தபோதே, 1251-ல், நம் பஞ்சதந்திரக் கதைகளின் அரபு வடிவத்தைக் காஸ்திலிய (ஸ்பானிய) மொழிக்குக் கொண்டுவரச் செய்தார். இந்தப் பணிக்கென்று ஒரே கட்டடம் இருந்ததில்லை. ‘மொழிபெயர்ப்பாளர் பள்ளி எங்கே’ என்று தேடி அலையாதீர்கள்.

ஆறு அவ்வளவு கீழே ஓடுகிறதே, மேலே தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

கழுதைகளின் முதுகில் குடம் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஹுவானேலோ துர்ரியானோ என்ற இத்தாலியக் கடிகாரக் கலைஞர், ஆற்றின் விசையாலேயே இயங்கி, தண்ணீரைச் சுமார் நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் எந்திரம் ஒன்றை அல்கான்தரா பாலத்துக்கு அருகே நிறுவினார். அது வேலை செய்தது. ஆனால் தண்ணீர் அல்காசர் அரண்மனைக்குப் போனதால் நகரசபை பணம் தர மறுத்தது. 1585-ல் அவர் வறுமையில் இறந்தார். எந்திரம் இன்று இல்லை. பாலத்தில் நின்று மேலே அல்காசரை அண்ணாந்து பாருங்கள், அந்த மனிதர் சாதித்தது என்னவென்று புரியும்.

அல்காசர் கோட்டை 1936-ல் இடிந்து மறுபடி கட்டியதாமே. அப்படியென்றால் பார்ப்பது பழையதா, புதியதா?

பெரும்பகுதி மறுபடி கட்டியதுதான். உள்நாட்டுப் போரில் இரண்டு மாதத்துக்கு மேல் நடந்த முற்றுகையில் கோட்டை சிதைந்தது. பின்னர் பழைய வடிவிலேயே எழுப்பினார்கள். இப்போது ராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. ராணுவ வரலாற்றில் ஈடுபாடு இல்லாதவர்கள் அதே கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கும் பொது நூலகத்துக்குப் போகலாம். அங்கிருந்து ஊரின் கூரைகள் முழுவதும் தெரியும்.

வாள் வாங்கலாமா? கறுப்பில் தங்கக் கோடு போட்ட நகைகள் அசலா?

வாள் வேண்டாம். விமானக் கைப்பையில் கொண்டுவர முடியாது, இந்தியாவில் ஆயுதச் சட்டத்தின் சிக்கலும் வரும்.

தமஸ்கினாதோ எனப்படும் அந்தத் தங்க வேலை வாங்கத்தக்கது. எஃகில் நுண்ணிய கீறல் போட்டு, தங்க இழையைச் சுத்தியலால் தட்டிப் பதித்து, பிறகு எஃகைக் கறுக்கச் செய்வார்கள். எந்திரத்தில் அச்சடித்ததும் அதே கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி கேளுங்கள். கை வேலையில் கோடுகள் சற்றே ஏறி இறங்கும், அச்சில் எல்லாம் ஒரே சீராக இருக்கும். பட்டறை வைத்துக் கண்ணெதிரே செய்யும் கடையில் வாங்குவது நல்லது.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே, அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரி வரை போகும். ஈஸ்டருக்குப் பின் 60-ஆம் நாள் வரும் கோர்பூஸ் கிறிஸ்தி என்ற நற்கருணை விழாவில் தெருக்களுக்கு மேல் துணிப்பந்தல் கட்டி, தரையில் மணமுள்ள தைம் தழை பரப்பி, மேலே சொன்ன அர்ஃபேயின் பேழையை ஊர்வலமாகக் கொண்டுவருகிறார்கள். பார்க்க வேண்டிய விழா. தங்குமிடத்தை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள்.

ஊர் முழுவதும் ஆற்றோடு தெரியும் அந்தப் படத்தை எங்கே நின்று எடுக்கிறார்கள்?

ஆற்றின் எதிர்க்கரையில், மிராதோர் தெல் வாயே என்ற பார்வைமேடையில். பஸ்ஸிலும் டாக்சியிலும் போகலாம். நடந்து போவதென்றால் நம் வழியின் கடைசியான சான் மார்தின் பாலத்தைக் கடந்து இடப்பக்கம் சாலையிலேயே ஏறுங்கள். மறுமுனையில் அல்கான்தரா பாலம் வழியாக ரயில் நிலையத்துக்கே இறங்கிவிடலாம். சில இடங்களில் நடைபாதை குறுகும், கோடையில் நிழலே இல்லை. மாலை வெயிலில் மேடைக்குப் போய்ச் சேருமாறு கிளம்புங்கள், தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள், கடைசி ரயிலின் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள்.